மேலே வராத பெடல்

17 அக்டோபர் 1988, திங்கள்

கல்லூரிக்குக் காரில் போய் வந்தேன். போகும்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ஒரு தடவை எஞ்ஜின் நின்றது. வரும்போது எங்கள் ஊர் மடவார்வளாகம் திருப்பத்தில் இன்னொரு தடவை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. லைசென்ஸ் வாங்கி மாதங்கள் ஆகின்றன, ஸ்டீரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை இன்னும் வியர்க்கிறது.

நானாக ஆசைப்பட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கவே மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் மகள் கனிக்கு வலி எடுத்த அன்று இவர் மில்லில் இருந்தார், காரும் மில்லில் இருந்தது. டாக்ஸிக்காக வாசலில் நின்ற அந்த நேரத்தில் குழந்தை போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் இவருக்கு நெஞ்சு வலி வந்தது. இனி கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது நான்.

இப்போது கனி மறுபடியும் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை பம்பாயில். ரத்தக் கொதிப்பு சற்று அதிகம். ராஜபாளையத்து டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “வலின்னு சொன்னா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க. உடனே கூட்டிட்டு வந்துருங்க.” நவம்பர் கடைசியில் இருக்கலாமாம்.

19 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கல்லூரி விடுமுறை.

மில்லோடு பிழைத்த எந்த வீட்டுச் சமையலறையிலும் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் மில் எண்ணெய் இருக்கும். நூற்கும் கதிர்களுக்கு விடுகிற எண்ணெய், மெலிதாக, நிறமே இல்லாமல். இவர் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர், எங்கள் வீட்டில் கேட்கவே வேண்டாம். இன்று காலையிலிருந்து அந்தப் பாட்டிலும் கையுமாக அலைந்தார். தையல் மிஷின், கிணற்று ராட்டினம், கதவுக் கீல், கத்தரிக்கோல், கடைசியில் கார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “எல்லாம் கொறஞ்சு கெடக்கு. ஆளு பாக்கலைன்னா மிஷினு இப்படித்தான் ஆயிரும்” என்று சொல்லிக்கொண்டே எதையெதையோ ஊற்றி நிரப்பினார். துடைத்தார். சந்தனம் வைத்தார்.

மில்லில் பார்த்த பழைய முகம். ஒரு வருஷமாக அதைக் காணவில்லை. சுண்டல் தாளித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

22 அக்டோபர், சனி

மழை. கனிக்குக் கால் வீக்கம். உப்பைக் குறைத்தேன்.

26 அக்டோபர், புதன்

எழுத்து கோணுகிறது.

கல்லூரியிலிருந்து வரும் வழியில், ஊருக்கு வெளியே, இரண்டாவது கியர் போடக் கிளட்சை மிதித்தேன். காலை எடுத்தேன். பெடல் வரவில்லை. தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. உருண்டு உருண்டு நடு ரோட்டில் நின்றது. பின்னால் சுண்ணாம்புக் கல் லாரி. டிரைவர் தலையை நீட்டி, “ஏட்டி, வீட்டுக்குப் போயி சோறாக்கு” என்றான். அவனுக்கு என் மகள் வயசுகூட இருக்காது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் பெடலைக் கொக்கி போட்டுத் தூக்கினேன். வந்தது. வீடு வரும்வரை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

வழியெல்லாம் ஒரே எண்ணம். பின் சீட்டில் கனி இருந்திருந்தால்?

27 அக்டோபர், வியாழன்

மெக்கானிக் சமுத்திரம் வந்தான். பெடல் ஸ்பிரிங்கைப் பார்த்தான், பிறகு கிளட்ச் குழாயில் காற்று ஏறியிருக்கிறது என்றான். என்னை மிதிக்கச் சொல்லி, கீழே படுத்துக் காற்றை வெளியேற்றினான். குறைந்த எண்ணெய்க்குத் தன் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினான். தானே பல தடவை மிதித்துக் காட்டினான். நன்றாக வந்தது.

“இனிமே மெட்ராஸ் வரைக்கும் போலாம்மா.”

29 அக்டோபர், சனி

தேரடியில் பெடல் மறுபடியும் தரையோடு ஒட்டிக்கொண்டது. பூக்காரர்கள் தள்ளி ஓரம் சேர்த்தார்கள்.

30 அக்டோபர், ஞாயிறு

சமுத்திரம் இந்தத் தடவை பானெட்டைத் திறக்கவேயில்லை. என்னிடம் சொல்லாமல் இவரிடம் சொன்னான்: “அண்ணாச்சி, வண்டில ஒண்ணும் இல்ல. பொம்பளையாளுக கிளட்சு மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுவாவ. அது சொணங்கத்தான் செய்யும்.”

இவர் சிரித்தார். “டீச்சரம்மா காலுக்குத்தான் பாடம் எடுக்கணும் போல.”

சமையலுக்கு வருகிற அய்யம்மாளின் கணிப்பு கண்ணேறு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். மடவார்வளாகத்துச் சாமிக்கும் நேர்ந்திருக்கிறாளாம். தாயாக வந்து பிரசவம் பார்த்த சாமியாம், கனியையும் பார்த்துக்கொள்ளுமாம். பார்க்கட்டும். பெடலையும் பார்த்துக்கொண்டால் நல்லது.

இவர் சிரித்தது வலிக்கிறது. அதைவிட, ஒருவேளை உண்மைதானோ என்ற சந்தேகம் வலிக்கிறது. என் கால்தானா? பயத்தில் நான்தான் காலை அங்கேயே வைத்திருக்கிறேனா? எனக்குத் தெரியவில்லையே.

1 நவம்பர், செவ்வாய்

காலின் குற்றமா, வண்டியின் குற்றமா என்று தெரிய வேண்டுமானால் காலை விலக்கிப் பார்க்க வேண்டும். கெமிஸ்ட்ரி லேபில் மாணவிகளுக்கு இதைத்தானே இத்தனை வருஷம் சொல்லித் தருகிறேன்.

இவர் தூங்கும் மத்தியான நேரத்தில் ஷெட்டுக்குப் போய், கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டுக் கையால் பெடலை அழுத்தினேன். நாலைந்து தடவை வந்தது. அப்புறம் தரையோடு நின்றுவிட்டது. கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.

குற்றம் என் காலில் இல்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

பிறகு பானெட்டைத் திறந்தேன். கிளட்சுக்கு ஒரு குப்பி, பிரேக்குக்கு ஒரு குப்பி, இரண்டிலும் ஒரே எண்ணெய்தான் இருக்க வேண்டும். பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரால் இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனி மைப் புட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறேன். நாளை லேபில் பார்க்கலாம். நாளை பஸ்ஸில் போகிறேன். கனியை டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய நாள், டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன். காரைத் தொட வேண்டாம் என்று இவரிடமும் சொன்னேன். “சரி சரி” என்றார்.

2 நவம்பர், புதன்

பெஞ்சில் வைத்த புட்டிகளைக் காலை வகுப்பு முடிந்து பார்த்தேன். சோதனைக்கே அவசியமில்லை. இரண்டிலும் எண்ணெய் தானாகவே இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தது. கீழே மஞ்சள், மேலே நிறமில்லாதது. ஒரே எண்ணெய் அப்படிப் பிரியாது. தண்ணீர் விட்டேன். மஞ்சள் கரைந்தது. மற்றது மிதந்தது.

மோந்து பார்த்தேன். என் சமையலறை வாசனை. ஆயுத பூஜை வாசனை.

மில் எண்ணெய் ரப்பரை ஊற வைக்கும். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் பருத்துக் குழாயில் இறுகியிருக்கும். அதனால்தான் பெடல் திரும்பவில்லை. கிளட்சில் இது. பிரேக் குப்பியிலும் அதே எண்ணெய். பிரேக் இன்னும் எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தேன்.

ஷெட் திறந்து கிடக்கிறது. கார் இல்லை.

அய்யம்மாள் சொல்கிறாள்: “டாக்ஸி வேண்டாம்னுட்டு அய்யாவே கனிம்மாவைக் கூட்டிட்டுப் போனாவ. ‘வண்டில கோளாறு இல்லைன்னு ஒங்கம்மாவுக்குக் காட்டுதேன்’னு சொல்லிக்கிட்டே போனாவம்மா.”

அவர் ஓட்டக் கூடாது. நெஞ்சு. பின் சீட்டில் அவள். பிரேக்.

மருந்துக் கடைக்கு ஓடிப்போய் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் சொன்னாள்: “அவிய அப்பவே கெளம்பிட்டாவளே.” அப்பவே என்றால் எப்பவே? மழை வேறு. ரோட்டில் இறங்கிப் போகலாமா? எந்தப் பக்கம்? நான் போக, அவர்கள் இங்கே வந்துவிட்டால்?

எழுதிக்கொண்டிருந்தால் நேரம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. போன தடவையும் இதே வாசலில்தான் நின்றேன். இதே மாதிரி. ஏன் ஒரு வார்த்தை சொல்லாமப் போனீங்க. ஏன்.

ஏதோ சத்தம். பஸ்தான்.

விளக்கு வைத்த பிறகு —

வந்துவிட்டார்கள். மாட்டு வண்டியில். கனியின் தலைக்கு மேல் இவர் குடை பிடித்திருந்தார். தான் முழுக்க நனைந்திருந்தார்.

மடவார்வளாகத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக்காக பிரேக்கை அழுத்தியிருக்கிறார். வண்டி நின்றது. பிறகு பிரேக் விடவேயில்லை, சக்கரம் நாலும் இறுகிப் புகை வந்ததாம். பிரேக் பிடிக்காமலே போயிருக்கலாம், பிடித்தபடியே நின்றுவிட்டது. அது எங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அய்யம்மாள் வேறு காரணம் சொல்கிறாள். இன்று அவளை மறுத்துப் பேசத் தெம்பில்லை.

கனிக்கு ஒன்றுமில்லை. “அப்பா வேர்த்துக் கொட்டிட்டாங்கம்மா. அதான் எனக்குப் பயமாப் போச்சு” என்றாள்.

3 நவம்பர், வியாழன்

எப்படிச் சொல்வது என்று காலையெல்லாம் யோசித்தேன். கோபமாகச் சொன்னால் அவர் நெஞ்சுக்கு ஆகாது. சொல்லாமல் விட்டால் அடுத்த பூஜைக்கும் ஊற்றுவார். கடைசியில் புட்டியைக் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்தார்.

“நம்ம பாட்டிலா?”

“ஆமா.”

“பிரேக்குலயும் ஊத்தினேனே, ரத்தினம்.”

காபி ஆறிப்போயிற்று.

5 நவம்பர், சனி

சமுத்திரம் வண்டியை இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்தான். பருத்த பழைய ரப்பரையும் புதியதையும் கொண்டுவந்து காட்டினான். பழையது ஊறிய உளுந்து போல இருந்தது. குழாய்களைக் கழுவி, ரப்பர் அத்தனையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். என் காலைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“தீவாளிக்கு முன்னாலயே வண்டிக்குப் பலகாரம் ஊட்டிட்டீங்களே அண்ணாச்சி” என்றான். இவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

11 நவம்பர், வெள்ளி

வண்டி வந்துவிட்டது. பெடல் ஒவ்வொரு தடவையும் மேலே வருகிறது. இவர் ஷெட் பக்கமே போகவில்லை. மில் எண்ணெய்ப் பாட்டிலையும் காணோம். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிறது, கேட்டுக்கொண்டே சும்மா இருக்கிறார்.

14 நவம்பர், திங்கள்

பக்கத்தில் உட்காருங்கள், ஒரு சுற்று போய் வருவோம் என்றேன். “நான் வந்தா வெளங்காது. நீயே போ” என்றார். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. பெடலுக்குப் பயந்த காலம் போய், இப்போது இவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அழுத்தியது மேலே வரவில்லை.

19 நவம்பர், சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன்.

விடியும்போது கனி கூப்பிட்டாள். வலி முன்கூட்டியே வந்துவிட்டது. நல்ல மழை. ஷெட்டில் மண்டியிட்டுக் கையால் பெடலை அழுத்திப் பார்த்தேன். வந்தது. இன்னொரு தடவை. வந்தது. எழுந்தால் இவர் பின்னால் குடையோடு நிற்கிறார். குடையை மடக்கிவிட்டு முன் சீட்டில் ஏறினார். பின்னால் கனியும் அய்யம்மாளும்.

ராஜபாளையத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை நிறுத்தினேன். கனி முனகினாள். கேட் திறந்ததும் கிளட்சை மிதித்து கியர் போட வேண்டும், அப்புறம் காலை எடுக்க வேண்டும். எடுக்கப் பயம். பெடல் வராவிட்டால்? தண்டவாளத்தின் மேல் போய் நின்றுவிட்டால்? ரயில் போயிற்று. கேட் ஏறியது. பின்னால் ஹாரன். என் கால் மரத்துப்போய்ப் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தது.

“வரும்ட்டி. விடு” என்றார் இவர். என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ட்டி போட்டுக் கூப்பிட்டதில்லை.

விட்டேன்.

இப்போது உள்ளே இருக்கிறாள். கதவு மூடியிருக்கிறது. இவர் பெஞ்சில் உட்கார்ந்து ஈர வேட்டியைப் பிழிகிறார்.

அழுகைச் சத்தம். சின்ன அழுகை.

6 அக்டோபர் 1989, வெள்ளி

ஆயுத பூஜை நெருங்குகிறது. கனி பேத்தியோடு பம்பாயிலிருந்து வந்திருக்கிறாள். குழந்தைக்கு எதைக் கண்டாலும் வாயில் வைக்க வேண்டும். அய்யம்மாளுக்கு அவள் பின்னால் ஓடவே நேரம் சரியாக இருக்கிறது.

இன்று மாலை கல்லூரியிலிருந்து வந்து காரை ஷெட்டில் விட்டேன். ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றியது. மில் எண்ணெய்ப் பாட்டில் எங்கிருந்தோ திரும்பி வந்திருக்கிறது. இவர் ஷெட்டுக்குள் வந்தார். ஒரு கையில் சமுத்திரம் கடையில் வாங்கிய புது பிரேக் எண்ணெய் டப்பா. இன்னொரு கையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். இரண்டையும் மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தார். டப்பாவிலிருந்து ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“டீச்சரம்மா, இங்க வா. கரையுதான்னு நீ ஒருக்கா பாத்துச் சொல்லு. பொறவு ஊத்துதேன்.”

பார்த்தேன். கரைந்துவிட்டிருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“ஊத்துங்க” என்றேன்.