பாஸ்தா வடித்த தண்ணீர்

"கத்தாதே, மாடிக்குக் கேக்கும்!" என்று நீங்கள் போட்ட கூச்சலே மாடிக்குக் கேட்டிருக்கும். மீதிச் சண்டை சாயங்காலம். நான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

நேற்று நீங்கள் செய்த இத்தாலிய பாஸ்தா மிச்சம் இருக்கிறது. அதில் இருப்பது வசந்தகாலப் பிஞ்சுப் பட்டாணி, பச்சை நிறம் மாறாமல் சுட வையுங்கள். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன், "வடிச்ச தண்ணியக் கொட்டிடாதே, சாஸுக்கு வேணும்" என்கிறார்! யார் சொல்லிக்கொடுத்தது என்றால், "யூடியூப்"பாம். மாடி வீட்டு நர்ஸும் பாஸ்தா செய்தால் அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து வைப்பவள்தான். எனக்குக் கண் இல்லையா?

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

சொல்ல மறந்தேன்: நர்ஸைப் படியில் பார்த்தேன். "கல்யாணம் முடிவாயிடுச்சுக்கா, வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி பண்றேன்" என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உங்களுக்குச் சமையல் ஆசை இருக்கிறதா என்று பார்க்கத்தானே போகிறேன்.