உன்னை ஓராண்டு நிறுத்திய கையெழுத்து

காலைத் தபாலில் முன்னாள் மாணவர் மலர் வந்தது. நாம் படித்த மின்னியல் மின்னணுவியல் துறை வெளியிட்டது. அச்சு மையின் வாடை போகாத வழவழப்புத் தாள். புரட்டினால், நீ. சேர்க்கைப் படிவத்தில் ஒட்டியிருந்த அதே படம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை, முறைக்கிற கண்கள். அடியில் எழுதியிருக்கிறார்கள்: ‘ஏழ்மையிலிருந்து வந்த இம்மாணவியைத் துறை தாயாக அரவணைத்தது.’

அரவணைத்ததாம். மலரைச் சுவரில் வீசியடித்தேன்.

பிறகு அதை வெளியிட்ட இளம் விரிவுரையாளரை போனில் அழைத்தேன். “அந்த வரி பொய்ங்க. எடுத்துடுங்க.”

“மேடம், அச்சடிச்சு எல்லாருக்கும் அனுப்பியாச்சு. நல்லவிதமாத்தானே எழுதியிருக்கு?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அப்போது அவர் பிறந்திருக்கவே மாட்டார். ஆனால் உன் படத்தை எடுத்த அந்தப் பழைய ஃபைலில் இன்னொரு தாளும் இருக்கும். அதில் என் கையெழுத்து இருக்கிறது.

தஞ்சாவூருக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்த கல்லூரி அது. நம் வகுப்பில் ஆறு பெண்கள். நான் டவுனில் குமாஸ்தா மகள். உன் தாத்தா மிராசுதார் பண்ணையில் ஆள். உன் அப்பா அதே மிராசுதாரின் மூன்று மா நிலத்தில் குத்தகைக்காரர். இரண்டாம் ஆண்டு லேபில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது, மீட்டரைப் பார்க்காமலே நீ கத்தினாய். “சார், நிறுத்துங்க! ஒரு ஃபேஸ் போயிடுச்சு. காயில் கருகிடும்.”

நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு பியூஸ் போயிருந்தது. “எந்தப் புத்தகத்துல படிச்சே?” என்றார் விரிவுரையாளர்.

“எங்க போர்செட்டுல கேட்ட சத்தம் சார்.”

வகுப்பே சிரித்தது. நானும்தான். மோட்டாரைக் காப்பாற்றியவளைப் பார்த்துச் சிரித்த அந்தக் கூட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசி ஆண்டில், குறுவைக் கதிர் பால் பிடிக்கும் நேரம். ஆற்றில் தண்ணீர் இல்லை. போர்செட்டை நம்பித்தான் பயிர். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்ளும் உங்கள் மிராசுதார், அந்த நிலத்தை மனை போட்டு விற்க முடிவு செய்தார். தாலுகா ஆபீசில் உன் அப்பா பெயர் குத்தகைதாரராகப் பதிவாகியிருந்ததால் வெளியேற்ற முடியவில்லை. அதனால் மோட்டார் கொட்டகையில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு பூட்டுப் போட்டார். இணைப்பு அவர் பெயரில்.

“விவசாயத்துக்குக் கரண்டு இலவசம்னு ஊரெல்லாம் எழுதி வச்சிருக்காங்கடி,” என்றாய் என்னிடம். “யாருக்கு இலவசம்னு கேளு. பட்டா யாரு பேருல இருக்கோ, அவருக்கு.”

அன்று ஊருக்குப் போனவள்தான். பத்தொன்பது நாள், உன் அப்பாவோடும் மற்றக் குத்தகைக்காரர்களோடும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாய். மனுவை நீயே எழுதினாய். “படிக்கிற பொண்ணுக்கு இங்க என்னம்மா வேலை?” என்றாராம் தாசில்தார். “நான் படிக்கிறதே கரண்டுதான் சார்,” என்றாயாம். உத்தரவு வந்தது. பூட்டைத் திறந்தார்கள், தண்ணீர் பாய்ந்தது. ஆனால் வயலில் பாதி அதற்குள் பதராகியிருந்தது.

நீ திரும்பி வந்தபோது வருகைப் பதிவு குறைந்திருந்தது. மஞ்சள் காமாலை என்று பொய்ச் சான்றிதழ் கொடுத்த மூன்று பையன்களுக்கு விலக்கு தந்தார்கள். நீ உண்மைக் காரணத்தை எழுதிக் கொடுத்தாய். துறைத் தலைவர், வகுப்புப் பிரதிநிதியான என்னைக் கூப்பிட்டார்.

“அவ எங்க போயிருந்தான்னு உனக்குத் தெரியும்ல? அதை உறுதிப்படுத்தி ஒரு கையெழுத்து. அவ நல்லதுக்குத்தாம்மா.”

டைப் செய்த தாள். முதல் பத்தியைப் படித்தேன். நீ எங்கே இருந்தாய் என்பது மட்டும் இருந்தது. அவர் பேனாவை நீட்டியபடி நின்றார். போட்டேன். இரண்டாம் பத்தியில் இருந்ததை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: வெளியாட்களைத் தூண்டிக் கலகம் செய்தாய், கல்லூரிப் பெயரைக் கெடுத்தாய், வகுப்பே சாட்சி. கல்லூரி நிர்வாகத்தில் மிராசுதாரின் மச்சான் இருந்தார். அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

உன்னைத் தேர்வு எழுத விடவில்லை. ஓராண்டு நிறுத்தினார்கள். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்தாய்.

“படிச்சுப் பாத்தியா?”

“முழுசாப் படிக்கலடி.”

“சர்க்யூட்டை முழுசாப் பாக்காம சுவிட்சைப் போடுவியா நீ?”

வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நான் வேலைக்குப் போனேன். நீ ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அதே துறைத் தலைவரின் பாடத்தில் முதல் மதிப்பெண் எடுத்தாய். மின்வாரியத்தில் சேர்ந்தாய். பட்டுக்கோட்டைப் பக்கம் உன் பிரிவில், மனு கொண்டு வரும் குத்தகைக்காரரை நீ எழுந்து நின்று வரவேற்பாய் என்று உன்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அரவணைத்து உயர்த்தினார்களாம்! மறித்தார்கள், நீ ஏறி மிதித்துக்கொண்டு போனாய்.

புற்றுநோய் வார்டில் உன்னைப் பார்க்க வந்தபோது நீ பாதியாகியிருந்தாய். கட்டிலருகே நின்று கேட்டேன். “என் மேல இன்னும் கோபமா?”

“இருக்கு,” என்றாய். “நீ அழுதா போயிடும்னு நெனைக்காத.” மூச்சு வாங்கியது. “வந்துட்டல்ல. உக்காரு,” என்றாய்.

உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை உன் அப்பாவின் நிலத்தைப் பற்றியே பேசினாய். தம்பி சம்பா நட்டிருப்பதாகச் சொன்னாய். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. பதினொரு நாளில் போய்விட்டாய்.

அடுத்த வாரம் முன்னாள் மாணவர் கூட்டம். உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாளைப் பற்றிச் சொல்வேன்; யார் கேட்டார், யார் போட்டது, ஏன் என்று. மைக்கைப் பிடுங்கினால் மைக் இல்லாமல் சொல்வேன். அதன் பிறகும் மனம் ஆறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ ஆறாமல் வைத்துவிட்டுப் போன கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் இறக்கி வைக்கப் போவதில்லை.