தெருக்குத்து

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். மலைப்பக்கம் மேகம் திரண்டு, ஒரு சொட்டுகூட விழாமல் கலைந்தது. ரயிலில் அரக்கோணம் தாண்டியும் உட்கார இடமில்லை.

ஆபீசில் புது வேலை. வட மாவட்ட ஊர்களின் படத்தில் தெருக்கள் எங்கே கூடுகின்றன, எங்கே முட்டி நிற்கின்றன என்று குறிக்க வேண்டும். கூடினால் பச்சை, முட்டினால் சிவப்பு. வேலூர், திருவள்ளூர், எங்கள் திருத்தணி. எல்லா ஊரிலும் ஒரே கதை. பழைய கடைத்தெருப் பக்கம் எங்கே நுழைந்தாலும் எங்கேயோ வெளியே வரலாம். அதைத் தாண்டினால், வயலில் மனை போட்ட நகர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாய். பக்கத்து நகரோடு பங்காளிச் சண்டை போல நடுவில் சுவர்.

எங்கள் வேலன் நகரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே சிவப்பு. என் வாசலுக்கு எதிரேயும் ஒன்று. முதலில் சிரிப்பு வந்தது.

வாங்க: தேங்காய், குழாய் வாஷர், யாழினி சைக்கிளுக்கு மணி.

ஜூன் 12, வியாழன்

யாழினி சைக்கிளோடு விழுந்துவிட்டாள். திருப்பதி ரோட்டில், லாரி ஒட்டி வந்ததாம். முழங்கையில் கட்டு.

"ஒன்னும் ஆவல நைனா. ஹாரன் அடிச்சான், நானே பயந்து சாஞ்சிட்டேன்."

 பள்ளிக்கூடம் எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம், லட்சுமி நகரில். காலைப் பிரார்த்தனை எங்கள் சமையலறையில் கேட்கும். போவதற்கோ பெரிய ரோட்டில் ஏறிச் சுற்ற வேண்டும், ஏழாவது படிக்கிற பிள்ளை.

சுவரை எடுக்கச் சொல்லலாமா என்றேன். ரேவதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அந்தத் தெரு நேரா நம்ம வாசல்ல வந்து குத்தும். செவுரு கீது, தெருக்குத்து இல்லன்னு சொல்லித்தானே இந்த மனைய வாங்கனீங்க?"

தெரு குத்தும் வீடு விளங்காது. இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்று எழுதலாம். ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

லட்சுமி நகர் சங்கச் செயலாளர் வந்தார். மளிகைக்கடைக்காரர். ரயிலடிக்கு எங்கள் பக்கம்தான் அவர்களுக்குச் சுருக்கு வழி. மனை போட்டவர் விற்றுவிட்டுப் போயாயிற்று, சுவருக்குக் கேட்பார் இல்லை.

"உங்க வூட்டுக்கு நேரா வர்றதால, உங்களாண்ட கேக்காம கை வெக்க மாட்டோம் சார்."

நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். ரேவதிதான் பேசினாள், யாழினியின் கட்டைப் பார்த்தபடி.

"இடிச்சிடுங்கண்ணா. ஒரு புள்ளையார் மட்டும் வெச்சிடணும்."

"ஆங், வெச்சிட்டா போச்சு. அது எங்க பொறுப்பும்மா."

அவர் போனதும் அவள் முகத்தைப் பார்க்கக் கண் கலங்கியது. பயம் இருந்தும் சொன்னாளே. எங்கள் வீட்டு மதில் சுவரில் பிள்ளையாருக்கு மாடம் எடுக்க மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

சுவர் போயிற்று. அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. காற்று நேராக ஹாலுக்குள். யாழினி பிரார்த்தனை தொடங்குமுன் போய்ச் சேர்ந்தாளாம்.

ஆபீசில் என் வாசல் சிவப்பைப் பச்சையாக்கினேன். யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்க நல்ல பசி.

ஜூன் 22, ஞாயிறு

காலையிலேயே மேளம். நேற்று செங்கல் இறங்கியதைப் பார்த்தேன், மாடத்துக்கு என்று நினைத்தேன். மேஸ்திரியையே நான் கூப்பிடவில்லை, அது உறைக்கவில்லை. வெளியே போனால், இடித்த இடத்தின் நட்டநடுவில் மேடை. சிமெண்ட் ஈரம் காயவில்லை. மேலே பிள்ளையார், தகரக் கூரை, சுற்றிக் கம்பி.

"எங்க மதில்லதானே வெப்பாங்க?" என்றேன் செயலாளரிடம்.

"ரெண்டு நகருக்கும் பொதுவா இருக்கட்டுமே சார். தெருவும் உங்க வாசலைக் குத்தாது. வெச்சவரை எடுக்கக்கூடாது, தெரியாததா?"

தெரியும். ரேவதி சூடம் ஏற்றினாள். முகத்தில் பத்து நாளாக இல்லாத தெளிவு.  சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

தூறல். ரயிலை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன்.

மேடைக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நுழையும் அகலம். யாழினி சைக்கிளை விட்டு இறங்கினாள், செருப்பைக் கழற்றினாள், தலையில் குட்டிக்கொண்டாள். பிறகு கைப்பிடியைத் திருப்பித் திருப்பித் தள்ளி, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டாள். பின்னால் வந்த பால் வண்டி, ஸ்கூல் ஆட்டோ, எல்லாம் ரிவர்ஸ் எடுத்துப் பெரிய ரோட்டுக்கே போயின. ஆட்டோவில் ஏழெட்டுப் பிள்ளைகள்.

"போயிட்டாளா?" உள்ளேயிருந்து ரேவதி.

"ஆங். நம்ம புள்ள போயிட்டா."