யாரும் படுக்காத கட்டில்

அத்தை,

இன்று காலை இரண்டாம் மாடியில் ஓர் அறையைச் சுத்தம் செய்யப் போனேன். தாயும் மகளுமாக வந்து தங்கியவர்கள் விடிந்ததும் கிளம்பிப் போயிருந்தார்கள். அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் போர்வை சுருண்டு கிடந்தது, தலையணை தரையில். மற்றொன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. நம் அத்தை மாதிரி ஒரு மனுஷி, தூங்கி எழுந்து படுக்கையையும் சரிசெய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அதை உதறக் குனிந்தேன். என்னோடு வேலை செய்கிற மேரி தடுத்தாள்.

"அதை எதுக்குங்க்கா உதறுறீங்க? அதுல யாரும் படுக்கவே இல்லை. மூலையைப் பாருங்க, நாம சொருகுன சொருகு அப்படியே இருக்குது. ஊட்டுப் பொம்பளைங்க மடிச்சா மேலால நீவி விட்டுட்டுப் போவாங்க. மெத்தையைத் தூக்கி அடியில முக்கோணமாச் சொருகிட்டா இருப்பாங்க?"

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் குளியலறையைக் கழுவப் போய்விட்டாள். நான் அந்தக் கட்டிலின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். விருந்தாளிகளின் கட்டிலில் நாங்கள் உட்காரக் கூடாது என்பது இங்கே சட்டம். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

நீங்கள் போன பிறகுதான் நான் குன்னூரில் இந்த ஹோட்டல் வேலைக்கு வந்தேன். அதுவரை பக்கத்து வெலிங்டனில் பட்டாளத்துக் கேண்டீனில் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மெத்தை விரிப்பின் மூலையை எப்படிச் சொருகுவார்கள் என்று என்ன தெரியும்? தெரிந்திருந்தால் உங்களோடு வேறு மாதிரி வாழ்ந்திருப்பேன். டெல்லியில் நாம் தங்கிய அறையில் உங்கள் கட்டிலின் மூலையும் இப்படித்தான் முக்கோணமாக இருந்தது.

உங்கள் மகன் வடக்கே பனிமலையில் பட்டாள வண்டி உருண்டு நினைவில்லாமல் கிடக்கிறார் என்று வெலிங்டனிலிருந்து ஆள் வந்து சொன்னபோது எனக்கு ஆறாம் மாதம். விமானச் சீட்டையும் அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் இரண்டு பேருக்கும் விமானம் என்றால் தலைக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு போகிற ஒன்று, அவ்வளவுதான். உயிரோடு ஒரு தடவை அவரைப் பார்த்துவிட வேண்டும். அதைத் தவிர வேறு நினைப்பு நமக்கு இல்லை. ஆனாலும் நீங்கள் டாக்சியை பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தச் சொல்லி, டீயில் தொட்டுத் தின்கிற வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டீர்கள். "கண்ணு முழிச்சா அவன் கேக்கற மொதல் சாமான் இதுதான்" என்றீர்கள்.

மலை இறங்கும்போது பர்லியார் பக்கத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எப்போதும் அடைக்கும், அன்றைக்கு அழுகையும் சேர்ந்து இரட்டிப்பாக வலித்தது. "எச்சிலை முழுங்கு கண்ணு. கொட்டாவி விடு, தொறந்துக்கும்" என்று என் தாடையைப் பிடித்து ஆட்டினீர்கள். உங்களுக்கு வலிக்கவில்லையா என்று கேட்டேன். "எனக்கெல்லாம் எங்க அடைக்குது? எஸ்டேட்டுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறி எறங்கியே மரத்துப் போச்சு" என்று சொன்னீர்கள். அந்தச் சொல்லை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது.

முதல் விமானத்தில் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இடுப்புப் பட்டை என் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. விமானப் பணிப்பெண் முகம் சுளிக்காமல் இன்னொரு துண்டுப் பட்டையைக் கொண்டுவந்து கோத்து, வயிற்றுக்குக் கீழே இறக்கி மாட்டிவிட்டாள். முன்னால் சொருகி வைத்திருந்த வாந்திக் கவரை நீங்கள் எடுத்துத் தடவிப் பார்த்து, "நல்ல கெட்டிக் கவரு, மடிச்சு வெச்சுக்கோ" என்றீர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தன்னுடையதையும் எடுத்து உங்களிடம் நீட்டினார். நீங்கள் அதையும் வாங்கிக்கொண்டீர்கள்.

டெல்லியில் அடுத்த விமானம் விடிகாலையில் கிளம்ப வேண்டியது. கிளம்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக மூட்டம். விமான நிலையத்து நாற்காலிகளுக்கு நடுவே இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், யாரும் காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாதென்று. என் கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. நீங்கள் பையிலிருந்து சேலையை எடுத்துத் தரையில் விரித்து என்னைப் படுக்க வைத்தீர்கள். காவல்காரர் ஒருவர் விரட்டத்தான் வந்தார். என் வயிற்றைப் பார்த்தார். போய் இரண்டு தள்ளுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து, நடக்கிறவர்கள் மிதித்துவிடாதபடி என் தலைமாட்டில் குறுக்கே நிறுத்திவிட்டுப் போனார்.

மத்தியானத்தில் விமானம் இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "இதென்னடா மூட்டம்? இதைவிடக் கனமான மூட்டத்துல எங்கூரு பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல திரும்புது! வானத்துல ஆரு குறுக்க வரப்போறா? எடுக்கச் சொல்லுங்கடா வண்டியை!" என்று கத்தினீர்கள். அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. நல்லவேளை என்று அப்போது நினைத்தேன். தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அந்த விமானம் கிளம்பியிருந்தால் நாம் அவரை உயிரோடு பார்த்திருப்போம்.

விமானக் கம்பெனிக்காரர்களே நம்மை ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த அறை எனக்கு அங்குலம் அங்குலமாக நினைவிருக்கிறது. வெள்ளை விரிப்பைப் பார்த்து, அழுக்காகிவிடுமே என்று நாம் இரண்டு பேரும் உட்காராமல் நின்றோம். அறை சுத்தம் செய்கிற ஓர் அம்மாள் வந்தார், உங்களைவிட ஏழெட்டு வயது இளையவராக இருக்கும். நின்றுகொண்டிருக்கிற நம்மைப் பார்த்துச் சிரித்து, என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, எங்கிருந்தோ மூன்று தலையணைகளைக் கொண்டுவந்து என் காலுக்குக் கீழே அடுக்கினார். கேட்காமலே சூடான பால் வந்தது. இப்போது நானும் வயிறும் பிள்ளையுமாக வருகிறவர்களுக்கு அப்படித்தான் அடுக்குகிறேன். அதற்கு யாரும் எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

சாயங்காலம் நான் குளிக்கப் போனேன். எந்தக் குழாயைத் திருப்பினாலும் மேலேயிருந்து கொட்டியது. சேலையோடு நனைந்து, போராடி, ஒரு வழியாகக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். நம்மிடம் இருந்த ஒரே போன் உங்கள் மடியில் இருந்தது.

"யாருங்க அத்தை போன்ல?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்தீர்கள். பிறகு வயிற்றைப் பார்த்தீர்கள்.

"அவன் கூட்டாளிதான், அந்தத் தேனிப் பையன். முழிச்சுட்டானாம் கண்ணு. வர்க்கி கொண்டாராங்களான்னு கேட்டானாம்."

நான் உங்கள் மடியில் முகத்தை வைத்துச் சிரித்தேன், அழுதேன். மாரியாத்தாளுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். கொண்டுவந்து வைத்த சோறு, ரொட்டி, பருப்பு எல்லாவற்றையும் தின்றேன். உங்களுக்குப் பசியில்லை என்றீர்கள். நானும் வற்புறுத்தவில்லை. படுத்தேன், அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். கலியாணமான நாளிலிருந்து அப்படி ஒரு நிம்மதியான தூக்கம் நான் தூங்கியதில்லை.

காலையில் எழுந்தபோது நீங்கள் தலைவாரி, பையைக் கட்டித் தயாராக இருந்தீர்கள். உங்கள் கட்டில் சுருக்கமில்லாமல் இருந்தது. "என்னங்க அத்தை, பட்டாளத்துக்காரங்க மாதிரி மூலையெல்லாம் மடிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்தேன். நீங்கள் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினீர்கள். அவருக்கென்று கொண்டுவந்ததை ஏன் பிரித்தீர்கள் என்று நான் சண்டைக்கு வந்தேன். "அவனுக்குப் போதும். நீ தின்னு கண்ணு" என்றீர்கள்.

விமானம் ஏறியதிலிருந்து உங்கள் கண்ணில் தண்ணீர். என்னவென்று கேட்டதற்கு, "காது வலிக்குது கண்ணு" என்றீர்கள். நீங்கள் தேம்பியதைப் பார்த்துவிட்டு விமானப் பெண் ஓடி வந்தாள். காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் இரண்டு காகிதக் கோப்பைகளுக்குள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த காகிதத்தைத் திணித்துக் கொண்டுவந்து, மண்டியிட்டு, உங்கள் இரண்டு காதிலும் கவிழ்த்துப் பிடித்தாள். கை ஓயும்வரை பிடித்திருந்தாள். அந்தக் கோலத்தில் உங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் கண் விழித்துவிட்டான் என்ற தெம்பில் இருக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்புதானே வரும்? "பர்லியார்னு நெனச்சுக்கிட்டு எச்சிலை முழுங்குங்க அத்தை" என்று உங்கள் பாடத்தை உங்களுக்கே படித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினீர்கள்.

இறங்கியதும் தேனிக்காரத் தம்பி நின்றிருந்தார். "அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். தம்பி திகைத்துப்போய் உங்களைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலமே அம்மாகிட்ட சொல்லிட்டேனே, அண்ணி."

அந்த இடத்தில் நான் உங்களைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் சொன்னது மட்டும் இருக்கட்டும். "சொல்லியிருந்தா நீ ஒரு வாய் தின்னிருப்பியா? தூங்கியிருப்பியா? உனக்குள்ள இருக்கற உசுருக்கு ஆரு பதில் சொல்றது?"

நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் புருஷன் செத்துக் கிடந்த ராத்திரியில் நான் வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சந்தோஷமாகத் தூங்கியிருக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை பிறந்தது, நீங்கள்தான் குளிப்பாட்டினீர்கள், ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். வேண்டிய பேச்சுக்கு மேல் ஒரு பேச்சு நான் உங்களோடு பேசவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: பெற்ற மகன் போன சேதி தெரிந்தும் படுத்துத் தூங்கி எழுந்து, படுக்கையையும் மடித்து வைத்த கல்நெஞ்சக்காரி எங்கள் அத்தை, மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை என்று. அது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நீங்கள் ஒரு நாளும் மறுத்துச் சொல்லவில்லை.

இன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொன்றாகப் புரிந்தது. நீங்கள் கட்டிலில் படுக்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, நான் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். வாய்விட்டு அழுதால் நான் எழுந்துவிடுவேன். அதனால் அழவும் இல்லை. படுக்கை பொய்யென்றால் காது மட்டும் எப்படி நிஜமாகும்? ஏறி இறங்கி மரத்துப்போன காது அல்லவா அது? மகனுக்காக அழுவதற்கு உங்களுக்கு அந்த விமானத்தில்தான் ஒரு சாக்குக் கிடைத்திருக்கிறது. அதையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

கோபம் அடியோடு போய்விட்டது என்று எழுதினால் அது உங்களுக்கே பிடிக்காது. அந்த ராத்திரியை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள், அது இன்னும் வலிக்கிறது. ஆனால் எடுத்ததை முழுசாக நீங்கள் ஒருத்தியே சுமந்தீர்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சொல்வதற்கு நீங்கள் இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். உங்கள் பேத்தி கல்லூரியிலிருந்து வந்து அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "ஏம்மா கண்ணெல்லாம் இப்படி வீங்கிக் கெடக்கு? என்ன ஆச்சு?" என்றாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை. அப்பா முகத்தைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்த பெண். பாட்டி போன துக்கமே இன்னும் ஆறவில்லை.

"காது வலிக்குது கண்ணு" என்றேன்.

அவள் டீயை இறக்கி வைத்துவிட்டு, ஒரு துணியை மடித்துத் தோசைக்கல்லில் ஒற்றிச் சூடேற்றிக்கொண்டு வந்தாள். தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு என் காதில் வைத்துப் பிடித்தாள். "இந்தக் காதா, அந்தக் காதாம்மா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். அப்புறம் அழுதேன், தாராளமாக அழுதேன். வலிக்காத காதில் அவள் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். போதும், எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு நீங்களும் சொல்லவில்லை.