மிஸ்னா ஊருக்குப் போகிற அத்தியாயம்

ஓகஸ்ட் 4, வெள்ளி

காற்று. முற்றத்து மணல் பாதி குசினிக்குள். இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரம் மனம் வெறுத்து விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டேன். பள்ளிக்கூட லீவு தொடங்கியாயிற்று. இனி எழுதாமல் இருக்கச் சாட்டு இல்லை.

‘உப்புக்குள் ஒரு டவுன்’, நாலாம் புத்தகம். கடைசிப் புத்தகம். காலையிலேயே பாஹிம் (பதிப்பாளர், கொழும்பு) போன். பின்னட்டைக்கு நாலு வரி வேண்டுமாம். பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி. பிள்ளைகளுக்கு எல்லாம் விளங்கும், பாஹிமுக்கு விளங்க வைப்பதுதான் பெரிய பாடு.

எழுதிப் பார்த்தது:

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், உப்பளங்களுக்கு அடியில், ஜின்களின் டவுன் ஒன்று இருக்கிறது. வேறொரு கரையில் இருந்த தங்கள் நகரத்திலிருந்து ஒரே நாளில் துரத்தப்பட்டு வந்த ஜின்கள். இந்த டவுனில் பிறந்தவள் மிஸ்னா. வயது பதினாறு. பகலில் டியூஷன், அந்திக்குப் பிறகு ஜின் வேலை. இப்போது பழைய நகரத்தின் வாசல் திறந்துவிட்டது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகப்போவது அவள்தான்.

நாலு வரிக்கு மேல். பரவாயில்லை, வெட்டட்டும்.

கடைசி அத்தியாயம் கையில் இருக்கிறது. முதலாம் புத்தகத்தைத் தொடங்க முந்தியே எழுதி வைத்தது அது. மிஸ்னா வாசலைத் தாண்டுகிறாள். யாரிடமும் வழி கேட்கவில்லை. கால்களுக்கே வழி தெரிகிறது, நேரே தன் வீட்டுப் படியில் போய் நிற்கிறாள். பாஹிம் அந்தக் காலத்திலேயே வாசித்துவிட்டு போனில் அழுதவர். அவரும் எங்களைப் போல வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்தான். இத்தனை வருசமும் இந்த ஒரு அத்தியாயத்துக்குப் போய்ச் சேரத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்.

மத்தியானம்: சோறு, பீற்றூட், கருவாட்டுப் பொரியல். வீட்டுக்காரர் நியாஸ் எத்தாளைத் தோட்டத்திலிருந்து திரும்பவும் பீற்றூட்தான் கொண்டு வந்திருக்கிறார். இந்தக் கிழமை முழுக்க வீட்டில் எல்லோருக்கும் சிவப்பு நாக்கு.

ஓகஸ்ட் 6, ஞாயிறு

காற்று குறையவில்லை. களப்பில் வள்ளம் குறைவு, மீன் விலை சொல்லிக் காரியமில்லை.

நானா மன்னாரிலிருந்து போன். என் கூடப்பிறந்த மூத்தவர், சண்டை முடிந்த கையோடு முதல் ஆளாக ஊருக்குத் திரும்பியவர். காடு வெட்டி, கிணறு இறைத்து, இப்போது வீடும் முடிந்துவிட்டது. பக்கத்துக் காணித் துண்டு எனக்கென்று வாப்பா சொல்லி வைத்தது.

“புள்ள, கட்டுறதுன்டா இப்ப சொல்லு. மழைக்கு முந்தி அத்திவாரம் போடணும். மேசன் இப்பதான் கைக்குள்ள நிக்கிறான். செவ்வாய்க்கிழமை வந்து பாரு, பாத்திட்டு ஒரு முடிவு சொல்லு.”

போனை வைத்துவிட்டு முற்றத்துக்கும் குசினிக்கும் நாலு தரம் நடந்தேன். சந்தோஷம்தான். வேறு பெயர் வைப்பானேன். எங்களை ஊரை விட்டுத் துரத்திய அன்று, ஒன்பது வயதில் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் வள்ளம் ஏறியவள், அன்றிலிருந்து போக வேண்டும் போக வேண்டும் என்றுதான் இருக்கிறேன். புத்தளத்தில் எங்கள் ஒழுங்கையில் யாரும் “ஊருக்குப் போறன்” என்றால் அது மன்னார்தான். இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றதுகளும் அப்படித்தான் சொல்கிறதுகள்.

நியாஸிடம் சொன்னேன். அவர் எத்தாளைக்காரர், பெண் வீட்டோடு வந்திருப்பவர். தோட்டம், வெங்காயம், அதற்குப் பிறகுதான் துன்யாவில் மற்றதெல்லாம்.

“போய் பாத்துட்டு வாங்க டீச்சர். எனக்கு தோட்டத்துக்கு தண்ணி கட்ட இருக்கி.”

அவர் டீச்சர் என்றால் கேலி. ஆனால் முகத்தில் கேலி இல்லை.

மகள் சப்னாவிடம் செவ்வாய்க்கிழமை மன்னார் என்றேன். “கெமிஸ்ட்ரி கிளாஸ் இருக்கே உம்மா.” ஒரு நாள் போகாவிட்டால் கெமிஸ்ட்ரி ஓடிப்போகாது என்றேன். வாயை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பதினாறு வயது.

ஓகஸ்ட் 8, செவ்வாய்

இப்போது அஸர் தொழுகை முடிந்து, நானாவின் முன் விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துப்போவேன்.

விடிய சுபஹு தொழுத கையோடு வாடகைக்குப் பிடித்த வானில் வெளிக்கிட்டது. காட்டுப் பாதை, புழுதி. சப்னா வழி முழுக்க காதில் வயர் மாட்டி நித்திரை. நான் ஜன்னலை விட்டுக் கண் எடுக்கவில்லை.

நானாவின் வீடு நல்ல வீடு. மதினி கோழி அறுத்து ஆக்கியிருந்தா. சாப்பிட்டு முடிய ச. கேட்டாள், “உம்மா, நீங்க சின்னதுல குளிச்ச கிணறு எங்க?”

அவ்வளவுதான், எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நானா தொழுகைக்கு ஒழுவெடுக்கப் போயிருந்தார், அவரையும் கேட்கவில்லை. என் ஊர், நான் யாரிடம் கேட்பது? தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன். உடை மரப் பற்றைக்குள்ளால், ஒரு வளைவு, அங்கே கிணறு. கிணற்றுக் கட்டின் மேல் இருந்துகொண்டு எல்லாம் சொன்னேன். உம்மா இதிலேதான் வாளியால் ஊற்றுவா, இந்த மூலையில்தான் நான் வழுக்கி விழுந்து நாடி வெடித்தது. நாடியைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது. ச. கூட போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்.

ஒரு பெண் தகரக் கொட்டிலுக்குள் இருந்து வந்தா. கையில் ஈரச் சேலை.

“ஆரு நீங்க? ஆரத் தேடுறீங்க?”

சொன்னேன். வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“அட, அவங்கட கிணறு அங்கால, மத்தப் பக்கம். இது எங்கட மாமன்ட. நாங்க வந்த பொறகு தோண்டினது.”

சண்டைக்குப் பிறகு தோண்டிய கிணறு. அதன் கட்டின் மேல் குந்தி அழுதிருக்கிறேன்.

அந்த மனிசி நல்ல மனிசி. சிரிக்கவில்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க என்றா. ச. சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பு.

பிறகு நானா கூட்டிக்கொண்டு போய்ச் சரியான கிணற்றைக் காட்டினார். பார்த்தேன். கிணறு. அவ்வளவுதான். ஒன்றும் வரவில்லை. அழுகையை எல்லாம் மற்றக் கிணற்றில் கொட்டிவிட்டேன் போல.

நானா: “அடுத்த கிழமைக்குள்ள சொல்லிரு, என்ன?”

ஓம் என்றேன்.

ஓகஸ்ட் 10, வியாழன்

வீட்டில். உடம்பு நோவு. உடுப்பெல்லாம் செம்புழுதி, இரண்டு தண்ணி மாற்றியும் போகவில்லை.

கடைசி அத்தியாயத்தைச் ச.விடம் கொடுத்தேன். எப்போதும் முதலில் வாசிப்பவள் அவள்தான், மற்ற மூன்றையும் விடிய முந்தி வாசித்து முடித்தவள். இதை மட்டும் இத்தனை நாளும் அவளுக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தேன், கடைசிப் பண்டம் என்று. அவள் வாசிக்கும்போது நான் அரிசி புடைத்தேன். புடைக்க அவசியமில்லாத அரிசி.

“எப்பிடி?”

“நல்லா இருக்கு.”

“அந்த நல்லா இருக்கு எனக்குத் தெரியும். சொல்லு.”

“மிஸ்னா புத்தளத்துல பிறந்தவ. முதலாம் புத்தகத்திலயே இருக்கு. பழைய நகரத்த அவ ஒரு நாளும் காணல்ல. பிறகு எப்பிடி அவட காலுக்கு வழி தெரியும்?”

சுளகைக் கீழே வைத்தேன்.

“உங்களுக்கே தெரியல்ல உம்மா. நீங்க அங்க பிறந்தவங்க.”

கிடைத்தது சாட்டு என்று பீற்றூட் வெட்டிய பலகையைக் கழுவாமல் விட்டதற்கு ஏசினேன். நேற்றைய பலகை. அதுவும் நான் வெட்டியது.

இந்தப் பிழையை எப்படி விட்டேன்? நான் விட்டது ஒரு பக்கம். பாஹிம் வாசித்தவர். ஒழுங்கையில் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன், மாமிமார், டீச்சர்மார். எல்லோரும் மூக்கைச் சிந்தினார்கள். இந்தப் பிள்ளை எப்படி வழி அறிந்தாள் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அது கேள்வியே இல்லை. ஊரென்றால் தெரியும்தானே.

பின்னேரம் அவளாக வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

“ஆரும் கேட்டா நானும் அந்த ஊர் பேரத்தான் சொல்றன் உம்மா. எல்லாரும் சொல்றாங்கதானே. ஆனா அங்க எனக்கு ஆரையும் தெரியா. நீங்க வீடு கட்டினா நானும் வரணுமா?”

பிறகு பார்ப்போம் என்றேன். பயம் வந்தது. இவ்வளவு நாளும் என் ஆசைக்குள் இவளையும் சேர்த்துத்தான் முடிச்சுப் போட்டிருந்தேன், அவளைக் கேட்காமலே. அவள் இல்லாமல் அங்கே போய் நான் என்ன செய்வேன்? போகாமல் இங்கே இருந்தும் என்ன செய்வேன்?

ஓகஸ்ட் 11, வெள்ளி

ஜும்ஆவுக்கு நியாஸின் வெள்ளைச் சேர்ட், அயர்ன் பண்ணக் கரண்ட் இல்லை. சுருக்கத்தோடு போனார்.

பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் ச.வின் கூட்டாளிகள் இரண்டு பேர் வழி மறித்தார்கள்.

“டீச்சர், மிஸ்னா கடைசில போயிருவாளா?”

“ஏன், போகக் கூடாதா?”

“போகலாம். ஆனா அடுத்த வருசம் சோதினை இருக்குதானே டீச்சர்? அங்க டியூஷன் இருக்கா?”

ஜின் நகரத்தில் டியூஷன் இருக்கிறதா என்று இதுவரை யோசிக்கவில்லை. மற்றவள் சொன்னாள், போகட்டும் டீச்சர், எங்கட வாப்பா அவ போறதுக்காகத்தான் வாசிக்கிறார் என்று. மீன் வெட்டுகிற மனிசர், என் புத்தகத்தை வாசிக்கிறார். பாணை நசுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பாஹிம் போன். திங்கட்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் அச்சகத்தில் இடம் போய்விடுமாம். ஒரு அத்தியாயம் மாற்ற இருக்கிறது என்றேன். “எது?” “கடைசி.”  “றஹீமா, அதுல கை வைக்காதீங்க” என்றார். கெஞ்சுகிற குரல்.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

காற்று அடங்கிய மாதிரி. தோட்டத்து வெங்காயம் விறாந்தை முழுக்கப் பரப்பியிருக்கிறது, நடக்க இடமில்லை.

சுபஹுக்குப் பிறகு இருந்து மத்தியான லுஹருக்கு முந்தி முடித்துவிட்டேன். புது அத்தியாயம்.

வாசல் திறக்கிறது. உள்ளே போனவுடன் கிழட்டு ஜின்களுக்குள் சண்டை, எங்கள் தெரு இது, இல்லை அது. மிஸ்னாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வழியில் போகிற ஒருவரிடம் கேட்கிறாள். வெட்கமில்லாமல் இன்னொருவரிடம். பிழையான வீட்டுக்குப் போய்த் தட்டி, மன்னிப்புக் கேட்டு, பிறகுதான் சரியான படி. அவளுடைய உம்மா படியில் இருக்கிறாள், அங்கேயே இருந்துவிடுகிறாள், எழும்பவில்லை. மிஸ்னா சுற்றிப் பார்க்கிறாள். வடிவான இடம். அவளுடைய இடம் இல்லை. உம்மாவுக்கு ஸலாம் சொல்லிக் கையைக் கொஞ்சிவிட்டு வாசலால் வெளியே வருகிறாள். புத்தளம் பஸ். எங்கே போக என்று கண்டக்டர் கேட்கிறான். “வீட்டுக்கு” என்கிறாள். வாசல் பூட்டவில்லை, அதை மட்டும் திறந்தே விட்டேன்.

அழுதேன். நியாஸ் பார்த்துவிட்டார். வெங்காயம் என்றேன். “பச்ச வெங்காயம், வெட்டவும் இல்ல” என்றார், வேறொன்றும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 14, திங்கள்

காலையில் ச. வாசித்தாள். பாண் பிட்டுப் பிட்டு, பருப்பில் தொட்டுக்கொண்டு. நடுவில் பாண் நின்றது.

கடைசித் தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“உம்மா, நீங்க போகப் போறீங்களா?”

விளங்கவில்லை எனக்கு.

“மிஸ்னாட உம்மா எழும்பல்லதானே.”

சத்தியமாக அப்படி நினைத்து எழுதவில்லை. மிஸ்னாவைத் திருப்பி அனுப்புகிற யோசனையில் இருந்தேன், அவள் உம்மாவை எங்கே விட்டேன் என்று பார்க்கவில்லை. “இல்ல மகள்” என்று சொல்ல வாயைத் திறந்தேன். உடனே வரவில்லை. அவள் அதைக் கண்டுவிட்டாள்.

பிறகு நிறையக் கதைத்தோம். நியாஸ் தோட்டத்துக்குப் போகாமல் வாசலில் நின்று கேட்டார். நான் சொன்னேன், எனக்கு அங்கே போக ஆசை, அது பொய் இல்லை. உன்னை விட்டுவிட்டு இருக்க ஏலாது, அதுவும் பொய் இல்லை. அவள் அழுதாள், நானும். நியாஸ் மட்டும், “லீவுக்கு லீவு போய் இருக்க ஏலாதா? பஸ் ஓடாம நின்டுட்டா?” என்றார். இந்த மனிசனுக்கு எல்லாம் தண்ணி கட்டுகிற மாதிரி, இந்தப் பாத்தி நிறைந்தால் மற்றப் பாத்தி.

பாஹிமுக்கு அனுப்பியாயிற்று. மத்தியானம் பதில்: “வாசிச்சேன். இத எப்பிடி விட்டோம் இவ்வளவு காலம்?” அதற்குப் பிறகு, “என்ட மகனும் இதத்தான் சொல்லுவான்.”

அஸருக்குப் பிறகு நானாவுக்கு நானே எடுத்தேன்.

“கட்டுங்க நானா. சின்னதா. ஒரு அறை காணும்.”

“ஒரு அறையா? மூணு பேருக்கு எப்பிடி புள்ள?”

“எனக்குத்தான் நானா. லீவுக்கு.”

 பிறகு அவர் சரி என்றார், மேசனிடம் சொல்கிறேன் என்றார்.

ச. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் மெதுவாகச் சொன்னாள்.

“நானும் வருவன் உம்மா. நோன்புப் பெருநாளைக்கு. விருந்தாளியா வாறன்.”

என் ஊருக்கு என் மகள் விருந்தாளி.  வா மகள், கோழி அறுத்து ஆக்கித் தாறன் என்றேன்.