அப்பாவின் காதும் கொயினா மாத்திரையும்

மகாபலிபுரம்,
ஜூலை 1957

சிரஞ்சீவி பட்டாபிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். அப்பாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் சௌபாக்கியவதி ரங்கநாயகியும் பிலாயில் சௌக்கியம்தானே?

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதாகச் சொல்கிறார்களே அந்த ஃப்ளூ ஜுரம், நம் தெருவையும் விடவில்லை, போன மாதம் அப்பாவுக்குக் கண்டது. டாக்டரைக் கூப்பிடலாம் என்றால் கேட்பாரா, உப்பு இலாகாவில் இருந்தபோது கேளம்பாக்கத்தில் மலேரியாவுக்குச் சாப்பிட்ட கொயினாவில் மீதி இருந்ததை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார், ஜுரம் புதிதானால் என்ன, மருந்து பழகினதுதானே என்று ஒரு பிரசங்கம் வேறு. ஒன்று போடுகிற இடத்தில் இரண்டு, கசப்பு ஏற ஏற ஜுரம் ஓடுமாம். ஜுரம் இறங்கிற்று, கூடவே காதும் போயிற்று. முதலில் வண்டு இரைகிற மாதிரி இருக்கிறது என்றார், பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. செங்கல்பட்டு டாக்டர் பார்த்துவிட்டு, கொயினா மலேரியாவுக்குத்தான் அம்மா, இந்த ஜுரம் தானாகவே இறங்கியிருக்கும், காது திரும்பினாலும் திரும்பும், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்.

கல்யாணமான நாளாய் நான் சொன்ன ஒன்றுக்கும் தலையாட்டாத மனிதர் இப்போது எல்லாவற்றுக்கும் ஆட்டுகிறார். சண்டை போடக்கூட ஆளில்லை பட்டாபி. சிலேட்டில் எழுதிக் காட்டினால் நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா என்று தள்ளிவிடுகிறார். அடுப்பெரிக்கச் சவுக்கு மிலாறு கொண்டுவரும் குப்பம்மா நேற்று வாசலில் நின்று, இன்னாம்மா, தனியா பேசிகினு கீறே என்று கேட்டாள். அவரோடுதான் பேசுகிறேன் என்றேன். சாமி பின்னால கெணத்தாண்ட கீறாரே என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கேற்றிய பிறகு இந்த வீட்டில் அலைச் சத்தம் தவிர வேறு பேச்சு கிடையாது.

உனக்கும் அந்த ஜுரம் வந்துவிடப் போகிறதே என்று மிச்சக் கொயினாவைப் பொட்டலம் கட்டி எனக்குத் தெரியாமல் தபாலில் அனுப்பியிருக்கிறார். தொடாதே, கொட்டிவிடு. வந்து சேர்ந்தது, பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று மட்டும் அவருக்கு எழுது, சந்தோஷப்படுவார். ஜுரம் கண்டால் கஞ்சி குடித்துப் படுத்துக்கொள், அங்கே டாக்டரைப் பார். பெருமாள் கிருபையில் இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். லீவு கிடைத்தால் இரண்டு நாளாவது வந்து போ. வந்து என்ன, அப்பாவுக்குத்தான் கேட்காதே என்று நினைக்காதே. எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெருந்தேவி