பட்டியலில் என் அப்பாவின் பெயர்

என் ஆசை மச்சாள் றோசலின்,

உம்முடைய முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நானும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று என் அண்ணை, உம்முடைய மனுசன், கேட்டார். நவம்பர் பூசைக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டுமாம். ஆகஸ்டிலேயே அச்சுக்குக் கொடுக்கிறார். உம்முடைய கைப்பக்குவத்தையும் சிரித்த முகத்தையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது உண்மை மட்டும்தான். அண்ணை வெட்டாமல் போட்டால், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் செய்தி. உம்முடைய மகள் வயலற் எடுபட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு “வாள் கட்டுற பள்ளிக்கூடம்” என்று சொல்வீரே, அந்தப் பெரிய பொறியியல் பள்ளிக்குத்தான். கேட்டுவிட்டீரா? இனி நான் கொஞ்சம் எரிச்சலோடு பேசுவேன். பொறுத்துக்கொள்ளும்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது உமக்குத் தெரியும். என் பிரெஞ்சு, பிள்ளைகளின் பழைய பாடப்புத்தகங்களில் பொறுக்கியது. அந்தப் பள்ளியைப் பற்றி வயலற் என் மேசையில் விட்டுப்போன சிறு புத்தகத்தை, அகராதியும் கையுமாக இரண்டு கிழமை இருந்து படித்தேன். அரசனைக் கவிழ்த்த காலத்தில் பாலம் கட்டவும் கோட்டை கட்டவும் ஆள் இல்லாமல் தொடங்கினார்களாம். பிறகு வந்த சக்கரவர்த்தி அதைப் படைப் பள்ளியாக்கினாராம். அதனால்தான் இன்றைக்கும் இருமுனைத் தொப்பியும் இடுப்பில் வாளும். பொம்பிளைப் பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு மட்டும் இருநூறு வருஷத்துக்குக் கிட்ட யோசித்திருக்கிறார்கள். வயலற் பிறந்த பிறகுதான் அந்தக் கதவே திறந்திருக்கிறது. பிறக்கிற நேரத்தைக்கூட நீர் சரியாகப் பார்த்துப் பெற்றிருக்கிறீர்.

சேருகிற வழியும் படித்தேன். லிசே என்கிற உயர்பள்ளி முடித்து, அங்கேயே இரண்டு வருஷம் ஆயத்த வகுப்பு. பிறகு எழுத்துச் சோதனை. அதில் தப்பினவர்களுக்கு வாய்மொழிச் சோதனை. சிபாரிசு ஒன்றும் செல்லாது. மோட்ச வாசலில்கூட ஒரு புனிதரைப் பிடித்துப் பார்க்கலாம், இங்கே அதுவும் நடக்காதாம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் நீர் என்னிடம் கேட்டது அதைத்தானே?

“மச்சாள், சோதனை முடியுமட்டும் வயலற்றுக்காக ஒவ்வொரு நாளும் ஒரு செபமாலை சொல்லும். உம்முடைய செபம் கேக்கப்படும்” என்றீர். நானும் ஓம் என்றேன். அன்றைக்கே கட்டம் போட்ட கொப்பி ஒன்றை எடுத்து, சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிலுவைக் குறி போடத் தொடங்கினேன். நான் கணக்கில் பிழை விடமாட்டேன் என்று தெரிந்துதான் நீர் கேட்டிருப்பீர்.

ஆனால் நீர் என்னிடம் கேட்டது செபம் மட்டுமா? டாக்குத்தரோடு பேச ஆள் வேண்டும் என்றபோது, “வயலற்றைக் கூப்பிடாதையும், அவளுக்குப் படிப்புக் குழம்பும். ஜெனியை விடும், அவள் நல்லாய்ப் பிரெஞ்சு கதைப்பாள்” என்றீர். நீர் நோயில் விழுந்த முதல் வருஷம் அது, ஜெனிக்குப் பதினைந்து வயது. உம்முடைய ஈரலைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் டாக்குத்தர் சொன்னதையெல்லாம் என் மகள்தான் தமிழாக்கினாள். செவ்வாய் போனாள், வியாழன் போனாள், சனிக்கிழமை காலை வகுப்பை விட்டுப் போனாள். வருஷ முடிவில் ஆசிரியர்கள் கூடிப் பேசி, வராத நாள் அதிகம் என்று அவளைத் தட்டச்சும் கோப்பும் படிப்பிக்கிற இரண்டு வருஷ வகுப்புக்கு அனுப்பினார்கள். அவள் அழவில்லை. “மாமிக்கு வேறை ஆர் இருக்கினம்?” என்றாள். நான்தான் குசினிக்குள் நின்று அழுதேன். இது உமக்குத் தெரியுமா? தெரிந்தும் தெரியாதது போல் இருந்தீரா? கேட்க நினைத்த நாளில் நீர் கண் திறக்கவில்லை.

எழுத்துச் சோதனையின் முடிவை வயலற்றின் லிசே வாசலில் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தார்கள். பயத்தில் பிள்ளை கட்டிலை விட்டு எழும்பவில்லை. “மாமி, நீங்களே போய்ப் பாருங்கோ” என்றாள். நானும் ஜெனியும் மார்க்ஸ் டோர்மோயில் மெத்ரோ ஏறிப் போனோம். ஜெனி பின்னால் வருவதற்குள் நான் முந்திக்கொண்டு விரலை வைத்துத் தேடினேன். வயலற் என்ற பெயர் வரவேண்டிய எழுத்தில் அவள் இல்லை. மேலும் கீழும் பார்த்தேன். இல்லை.

மச்சாள், கோயிலில் குருவானவரிடம் சொல்லிவிட்டேன், உமக்கும் சொல்கிறேன். அந்த நேரம் என் நெஞ்சு பஞ்சு போலானது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“அம்மா, என்ன அங்கை தேடுறியள்? அம்மப்பாவின்ர பேரிலை பாருங்கோ” என்றாள் ஜெனி.

நம் ஆட்களுக்கு ஒருவரைத் தேடினால் அவருடைய சொந்தப் பெயரைத்தானே தேட வரும்? இந்த நாட்டுத் தாளில் அண்ணைக்கு எங்கள் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர். வயலற்றுக்கும் அதுதான். விரலை மேலே ஏற்றினேன். சவிரிமுத்து. குருநகர்க் கடலில் வலை இழுத்த என் அப்பாவின் பெயர், அந்தப் பள்ளியின் பட்டியலில், கறுப்பு மையில். அதைக் கொண்டுவந்தது நான் பெற்ற பிள்ளை இல்லை, நீர் பெற்ற பிள்ளை. கலியாணத்தோடு அந்தப் பெயர் என்னை விட்டுப் போனது. ஜெனிக்கு அவளுடைய தகப்பன் வழிப் பெயர். ஜெனி கண்ணாடியைக் கொஞ்சிக் கொஞ்சித் துள்ளினாள். நான் என் கைப்பையைத் திறந்து இல்லாத ஒன்றைத் தேடினேன்.

அடுத்த நாள் நம் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரத் தம்பி விடவில்லை. “அக்கா, உங்கட மருமகள் வாளோடை வந்தால் இஞ்சை ஒருக்கா அனுப்புங்கோ, சூரை மீன் வெட்ட ஆளில்லை” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செபமாலையைக் கையில் எடுத்தேன், வாய் வரவில்லை. அன்றைக்குக் கொப்பியில் குறி போடவில்லை. தொடர்ந்து ஒன்பது நாள். வயலற் வாய்மொழிச் சோதனைக்குப் போய்வந்த நாட்கள் அவை. உம்மிடம் சத்தியம் செய்த கொப்பியில் ஒன்பது கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது.

அப்படியிருந்தும் அவள் எடுபட்டாள். என் செபமில்லாமலே! அது இன்னும் கூட எரிகிறது.

இப்போது அந்த இரண்டு வருஷத்தையும் முடித்து, ஜெனி திரும்ப லிசேயில் சேர எழுதிப் போட்டிருக்கிறாள். குறுகிய வகுப்பு முடித்த பிள்ளைகளைத் திருப்பி எடுக்க ஒரு வகுப்பு இருக்கிறதாம்; இடம் கொஞ்சம்தான். விண்ணப்பத்தை வயலற்தான் இருந்து நிரப்பினாள். “மாமி, இவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் நான் போகவேண்டிய நாள்” என்று பேனையை வைத்துவிட்டுச் சொன்னாள். நான் விண்ணப்பத்தை உறைக்குள் போட்டு ஒட்டினேன். பதில் சொன்னால் அவளை மன்னித்ததாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ. லிசேயின் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்பெட்டியை நாளுக்கு நாலுதரம் திறக்கிறேன்.

மச்சாள், என் வாக்கு இது. விட்ட ஒன்பது நாளையும் இந்தக் கிழமை தொடங்கிச் சொல்லி முடிப்பேன். செப்டெம்பரில் வயலற்றோடு கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, அந்தப் பள்ளியின் வாசல் வரைக்கும் உம்முடைய இடத்தில் நான் போவேன். பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அதுவும் என்னோடு ரயிலில் வரும்.

ஆனால் கொப்பியில் புதுப் பக்கம் ஒன்று திறந்திருக்கிறேன். மேலே ஜெனியின் பெயர், கீழே உம்முடைய பெயர். இனி உம்முடைய முறை. கடவுளுக்குக் கிட்ட இருக்கிறீர், மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டாம். என் பிள்ளைக்காக ஒவ்வொரு நாளும் கேளும். ஒரு நாளும் விடாதையும். நான் குறித்துக்கொண்டிருப்பேன்.

உம்முடைய மச்சாள்,
சவிரிமுத்துவின் மகள் திரேசா